உலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

8 பிப்ரவரி 1943, திங்கள்

இன்று தள்ளியை ஓட்டிப் பார்த்தோம். உலையில் நெருப்பில்லை, வெறும் ஒத்திகைதான். வரைபடத்தில் நான் ‘மெக்கானிக்கல் புஷர்’ என்று அழகாக எழுதியிருக்கிறேன். தொழிற்சாலையில் யாரும் அப்படிச் சொல்வதாக இல்லை. ‘தள்ளி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதுவரை இரும்புத் துண்டுகளை ஆட்கள் இடுக்கியால் பிடித்து உலைக்குள் வைப்பார்கள். சிவந்ததும் அதே வாய் வழியாக எடுத்துச் சம்மட்டி யந்திரத்துக்குக் கொடுப்பார்கள். பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்கெல்லாம் லாடம் அடிக்க அந்த வேகம் போதாது. யுத்தம் வந்ததிலிருந்து கழுதைகள் பெருகிக்கொண்டே போகின்றன போலிருக்கிறது. ஆகவே உலையை நீளமாகக் கட்டி, இரண்டு பக்கமும் வாய் வைத்தோம். முன்வாயில் நிற்பவன் ஒரு துண்டை வைத்து லீவரை இழுப்பான். தள்ளி ஒரு துண்டின் அகலம் முன்னே போகும். உள்ளே வரிசையாகப் படுத்திருக்கும் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகரும். பின்வாயில் சிவந்த துண்டு ஒன்று சரிவில் விழும். அங்கே நிற்பவன் அதை எடுத்துச் சம்மட்டிக்குக் கொடுப்பான். அவ்வளவுதான்.

மானேஜர் வெங்கடசுப்ரமணியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். மைசூர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிடையரானவர்; எதையும் ஃபைலைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். “தேசிகன், இது ஓடித்துன்னா நீர்தான் வொர்க்ஸ் இன்ஜினியர்” என்றார்.

மல்லேசுவரம் வீட்டுக்கு சைக்கிளில் பறந்து வந்து மனைவி பாமாவிடம் சொன்னேன்.

“ஓடலேன்னா?” என்றாள்.

ஓடும்.

10 பிப்ரவரி

ஓடவில்லை. யந்திரத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

முன்வாயில் கிளாரன்ஸ், பின்வாயில் பெர்னார்ட். இருவரும் லிங்கராஜபுரத்துக்காரர்கள். ஒரே கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். நெருப்போடு நன்றாகப் பழகியவர்கள். பெர்னார்ட் கட்டியிருப்பது கிளாரன்ஸின் தங்கையை. இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது என்று நான்தான் பொறுக்கி எடுத்தேன்.

உலையின் ஒரு பக்கம் நிற்பவனுக்கு மறுபக்கம் தெரியாது. பெர்னார்ட் ‘தள்ளு’ என்று குரல் கொடுத்தால்தான் கிளாரன்ஸ் தள்ளலாம். நெருப்பு நன்றாக ஏறியது. துண்டுகள் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தன. குரல் வரவில்லை. நான் பின்பக்கம் போனேன்.

“சார், ஸ்வல்ப தள்ளச் சொல்லுங்க” என்றான் பெர்னார்ட்.

“நீயே சொல்லேன்.”

“நீங்க சொல்லுங்க சார்.”

முன்பக்கம் போனேன். “கிளாரன்ஸ், தள்ளு.”

“யார் சொன்னது சார்?”

“பெர்னார்ட்.”

“அப்படி யாரையும் எனக்குத் தெரியாது சார். நீங்க சொல்றதா இருந்தா தள்ளறேன்.”

அவன் தங்கை புருஷனை அவனுக்குத் தெரியாதாம்.

11 பிப்ரவரி

நாள் முழுவதும் உலையைச் சுற்றி ஓடினேன். பின்பக்கம் போய் “ஆச்சா?” முன்பக்கம் வந்து “தள்ளு.” மறுபடி பின்பக்கம். நான் படித்த டிப்ளமாவில் இது ஒரு பாடமாக இல்லை. சம்மட்டிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். மானேஜர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “உம்ம யந்திரம் உம்மைத்தான் தள்றது போலிருக்கே” என்றார்.

கால் வலிக்கு பாமா விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். “அவா எதுக்குப் பேசிக்கறதில்லை?” என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

“தெரிஞ்சுண்டு வாங்கோ” என்றாள். தள்ளியைப் பற்றி இவ்வளவு ஆவலாக அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

13 பிப்ரவரி, சனி

தெரிந்துகொண்டேன்.

கிளாரன்ஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெர்னதெத் என்று பெயர் வைக்கத் தீர்மானம். ஞானஸ்நானத்தன்று அவனுக்கு உலையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. தங்கை பவுலின் ஞானத்தாய், அவள் புருஷன் பெர்னார்ட் ஞானத்தகப்பன். இருவரும் குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது குழந்தையின் பெயர் பவுலின்.

“ஊர்ல இல்லாத பேரா சார் இவனுக்குக் கிடைக்கலை? சொந்தப் பொஞ்சாதி பேரைக் கொண்டுபோய் என் குழந்தைக்கு வெச்சுட்டான். கோயில் புஸ்தகத்துல ஏறிப் போச்சு. நாங்க பெர்னதெத்துன்னுதான் கூப்பிடறோம். ஆனா மோட்ச வாசல்ல எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களோ, அதுக்குத் தெரிய வேணாமா?” என்றான் கிளாரன்ஸ். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

பெர்னார்டின் கட்சி வேறு. “அந்தச் சாமியார் பிரெஞ்சுக்காரர் சார். அவரு பேசற தமிழ் அவருக்கே புரியாது. ‘பேர் என்ன’ன்னு கேட்டாரு. கேக்கறப்போ என் பொஞ்சாதியைப் பார்த்தாரு. நான் என் பொஞ்சாதி பேரைச் சொன்னேன். சாமியார் கேட்டா பொய் சொல்ல முடியுமா?”

“அப்புறமாவது கிளாரன்ஸிடம் இதைச் சொன்னாயா?”

“சொல்ல வுட்டாத்தானே சார்? வாசல்லயே கதவைச் சாத்திட்டான். குழந்தைக்கு இப்ப அஞ்சு வயசு. கதவு இன்னும் தொறக்கலை.”

14 பிப்ரவரி, ஞாயிறு

பாமா சிரித்துச் சிரித்து தோசையைக் கருக்கிவிட்டாள். பிறகு, “பாவம், கிளாரன்ஸ்” என்றாள். நான் பெர்னார்ட் கட்சி.

17 பிப்ரவரி

வழி கண்டுபிடித்துவிட்டேன். பின்வாயிலிருந்து முன்வாய்க்கு ஒரு கயிறு. கயிற்றின் முனையில் மணி. ஒரு அடி அடித்தால் தள்ளு, இரண்டு அடித்தால் நிறுத்து. யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. இன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை துண்டுகள் ஒழுங்காக வந்து விழுந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி எவ்வளவு நல்ல பொருள் என்று தெரிந்தது.

19 பிப்ரவரி

“சார், அவன் மூணு அடிச்சான்” என்று கிளாரன்ஸ் வந்து நின்றான்.

“கை தவறியிருக்கும்.”

“மூணுக்கு என்ன சார் அர்த்தம்?”

“ஒன்றும் இல்லை.”

“அதைத்தான் சொல்றேன். அர்த்தமே இல்லாம ஒருத்தன் மணி அடிச்சா, வாயால சொல்ல முடியாததைச் சொல்றான்னுதானே ஆகுது? எங்க அப்பாவை இழுத்திருக்கான் சார்.”

பெர்னார்டைக் கேட்டேன். தும்மல் வந்ததாம்; கை கயிற்றிலேயே இருந்ததாம். நம்பத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

22 பிப்ரவரி, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி பட்டாளத்திலிருந்து ஒரு காப்டன் உலையைப் பார்க்க வருகிறார் என்று சொல்ல மானேஜர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். நான் அங்கே நிற்கும்போதுதான் அந்தச் சத்தம். மாடியிலிருந்து செங்கல் வண்டியைக் கவிழ்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

நடந்தது இது. கம்பியை வெட்டும்போது சில துண்டுகள் வாழைப்பழம்போல வளைந்துவிடுகின்றன. அப்படி ஒன்று வரிசைக்குள் போயிருக்கிறது. தள்ளத் தள்ள அது பக்கத்துத் துண்டின் முதுகில் ஏறியது. அதன்மேல் இன்னொன்று ஏறியது. பின்வாய் வழியே பெர்னார்ட் அதைப் பார்த்துவிட்டு மணிக்கயிற்றை இழுத்திருக்கிறான். கயிறு சூட்டில் கருகி, அவன் கையோடு வந்துவிட்டது. ‘நிறுத்து, நிறுத்து’ என்று கத்தினான். சம்மட்டிக்காரர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கிளாரன்ஸ் மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தான். துண்டுகள் கும்பலாக எழும்பி உலையின் கூரை வளைவை முட்ட, வளைவு இடிந்து உள்ளே விழுந்தது.

“காதில் விழவில்லையா?” என்று கிளாரன்ஸைக் கேட்டேன்.

“விழுந்துச்சு சார். ‘நிறுத்து’ன்னு யாரோ சொன்னாங்க. பேர் சொல்லலை. இத்தனை பேர் வேலை செய்யற இடத்துல யாரை நிறுத்தச் சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பெர்னார்டிடம் போனேன். “பெயரைச் சொல்லிக் கத்துவதற்கென்ன?”

“அஞ்சு வருஷ வைராக்கியம் சார். சட்டுனு வாய்ல வரலை.”

பெர்னார்டுக்கு இரண்டு புருவமும் பொசுங்கிவிட்டன. வேறு காயமில்லை. நான் திரும்பி முன்பக்கம் வந்தபோது கிளாரன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: “புருவம் மட்டும்தானே சார்? கண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?”

“யாரைக் கேட்கிறாய்?”

“பொதுவாக் கேட்டேன்.”

23 பிப்ரவரி

மானேஜர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “ரெண்டு பேர்ல ஒருத்தன் போகணும். ஹெட் ஆபீசுக்கு ஒரு பேர் வேணும். நாளன்னிக்குள்ள எழுதிக் குடும்” என்றார்.

பாமாவிடம் சொன்னேன். “கிளாரன்ஸ் பேரைத்தான் எழுத வேண்டியிருக்கும். லீவரில் கை வைத்திருந்தவன் அவன்தானே?”

அவள் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூடத்துத் தூணைப் பார்த்து, “ஆறிண்டிருக்கு” என்றாள். நானும் தூணைப் பார்த்து, “ராத்திரிக்கு என்ன?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைச் சுவரிடமிருந்து, “வத்தக்குழம்பு” என்று பதில் வந்தது.

24 பிப்ரவரி

காலையில் பெர்னார்ட் வந்தான். புருவமில்லாத முகத்தில் அவன் எதைச் சொன்னாலும் ஆச்சரியப்படுவதுபோலவே இருக்கிறது.

“சார், அவனை அனுப்பப் போறதாப் பேசிக்கறாங்க. வேணாம் சார்.”

“உனக்கென்ன? உனக்குத்தான் அவனைப் பிடிக்காதே.”

“பிடிக்காதுதான். ஆனா அவன் போயிட்டா நான் யார்கிட்ட சார் பேசாம இருக்கறது?”

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அவன் மிகவும் யோசித்துச் சொன்ன மாதிரி இருந்தது.

மத்தியானம் கிளாரன்ஸ். “ஒரு பேர் கேக்கறாங்களாமே சார். என் பேரையே போட்டுக்குங்க. அவனை அனுப்பினா என் தங்கச்சி வீட்ல அடுப்பு எரியாது. அவனுக்காகச் சொல்லலை. தங்கச்சிக்காக.”

“உன் வீட்டு அடுப்பு?”

“எங்கயாவது ஒரு உலை இருக்கும் சார்” என்றான்.

இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

25 பிப்ரவரி

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வரைபடத்தை விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தேன். கிளாரன்ஸ் நிறுத்தாதது தப்புதான். பெர்னார்ட் பெயர் சொல்லாததும் தப்புதான். ஆனால் உள்ளே சிக்கிக்கொண்டால் எது முதலில் உடைய வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. தள்ளியின் தண்டில் ஒரு மெல்லிய ஆணி இருந்திருந்தால், அது ஒடிந்து எல்லாம் நின்றிருக்கும். நான் எல்லாவற்றையும் கெட்டியாகச் செய்துவிட்டேன். ஆகவே உலை உடைந்தது.

மானேஜர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “உம்ம பேரையே எழுதியிருக்கீரே?”

“ஆமாம், சார்.”

“உம்மை அனுப்பிட்டா இதை யார் சரி பண்றது?”

“தெரியாது, சார்.”

“எனக்கும் தெரியாது” என்றார் கோபமாக. “காப்டன் வரதுக்குள்ள உலை எரியணும். எரியலேன்னா மூணு பேரும் சேர்ந்து போங்கோ. வொர்க்ஸ் இன்ஜினியர் பேச்சை இனிமே எடுக்காதீர்.”

நான் எடுக்கவே இல்லை. அவர்தான் எடுத்தார். அதைச் சொல்லவில்லை.

சாப்பிடும்போது பாமா, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கோ” என்றாள். என்னைப் பார்த்து.

3 மார்ச்

வளைவைத் திரும்பக் கட்டுகிறோம். ஒருவன் இந்த வாய் வழியாகவும் ஒருவன் அந்த வாய் வழியாகவும் உள்ளே நுழைந்து, மல்லாந்து படுத்துக்கொண்டு, செங்கல்லை ஒருவன் பிடிக்க மற்றவன் களிமண் பூச வேண்டும். அவ்வளவு ஒடுக்கத்தில் நுழையக்கூடியவர்கள் தொழிற்சாலையில் இரண்டே பேர். யார் என்று எழுத வேண்டியதில்லை.

பேசாமல் செங்கல் வைக்க முடியுமா? ஒரு கல் பெர்னார்டின் வயிற்றில் விழுந்த பிறகு இருவரையும் வெளியே கூப்பிட்டேன். கூடத்துத் தூண் ஞாபகம் வந்தது.

“ஒருத்தரோடு ஒருத்தர் பேச வேண்டாம். உலையோடு பேசுங்கள்” என்றேன்.

இருவரும் யோசித்தார்கள். “அது தப்பில்லையே சார்?” என்றான் கிளாரன்ஸ்.

“உலையோடு பேசுவதா?”

“இல்ல சார், நான் பேசறது அவன் காதுல விழுந்தா?”

“விழுந்தால் அது அவன் காதுக்கு வந்த கஷ்டம்.”

உள்ளே போனார்கள். நான் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“உலையம்மா, களிமண்ணை இப்படித் தள்ளு.”

“இந்தா, உலையம்மா. கெட்டியாப் பிடி. போன தடவை வயித்துல போட்டே.”

6 மார்ச், சனி

உலையம்மாவுக்கு வேலையைத் தவிர வேறு விஷயங்களும் சொல்லப்படுகின்றன. லிங்கராஜபுரத்தில் தண்ணீர் வராதது. ரேஷன் அரிசியில் கல். நான் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையாக இருப்பதுபோல நின்றேன். கிளாரன்ஸின் பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“உலையம்மா, சின்னப் பொண்ணுக்கு இருமலாமே?” இது பெர்னார்ட்.

பாதங்கள் அசையவில்லை.

“பெர்னதெத்துக்கு இருமல் நின்னுடுச்சு, உலையம்மா” என்றான் கிளாரன்ஸ். பெயரை அழுத்திச் சொன்னான்.

வரைபடத்தை நான் தலைகீழாகப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“நல்லதாப் போச்சு. பெர்னதெத்துக்கு மிட்டாய் வாங்கி வெச்சிருக்கேன். யார்கிட்ட குடுத்தனுப்பறதுன்னு தெரியலை, உலையம்மா.”

“தங்கச்சி கையில குடுத்தனுப்பலாம்” என்றது உலை.

10 மார்ச், புதன்

இருவரும் நெற்றியில் சாம்பலோடு வந்தார்கள். உலை துப்பிவிட்டதென்று நினைத்து, கிளாரன்ஸின் நெற்றியைத் துடைக்கக் கையை நீட்டிவிட்டேன். அவன் பதறிப் பின்வாங்கினான். இன்று விபூதிப் புதனாம். கிறிஸ்தவர்களுக்கும் விபூதி உண்டென்று இன்றுதான் தெரிந்தது. ஐயங்கார் வீட்டில் பிறந்த எனக்குத்தான் கிடையாது.

உலையை மூட்டினோம். வளைவு நிற்கிறது. மணிக்கயிறு இனி வேண்டாம்; ‘தள்ளு’, ‘நிறுத்து’ எல்லாம் உலையம்மா மூலமாகத்தான். தண்டில் ஆணி வைத்திருக்கிறேன். சிக்கினால் அதுதான் முதலில் ஒடியும். மிக அழகான ஆணி.

12 மார்ச், வெள்ளி

காப்டன் வந்தார். கையில் சின்னப் பிரம்பு. மானேஜர் தலைப்பாகையும் சரிகை அங்கவஸ்திரமுமாகப் பக்கத்தில். துண்டுகள் நகர்ந்தன, விழுந்தன, லாடமாயின. காப்டன் ஒரு லாடத்தைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்போதுதான் அது நடந்தது. எவ்வளவு பொறுக்கியும் வளைந்த துண்டு ஒன்று உள்ளே போயிருக்கிறது. பின்வாயில் பெர்னார்ட் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். வரிசை நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டிருந்தது. உலையம்மாவைக் கூப்பிட நேரமில்லை.

“கிளாரன்சு மச்சான், நிறுத்து.”

தொழிற்சாலை முழுவதும் கேட்டது. தள்ளி அந்தக் கணமே நின்றது.

நீளக் கம்பியை விட்டுக் கும்பலைக் கலைத்தான் பெர்னார்ட். உலைக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: “மாப்பிள்ளை, ஆச்சா?”

“ஆச்சு மச்சான். தள்ளு.”

தள்ளி மறுபடி ஓடியது. காப்டன் மானேஜர் பக்கம் திரும்பி, ‘மச்சான்’ என்றால் என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். மானேஜர் சற்றும் தயங்காமல், அது உலை வேலையில் பயன்படும் ஒரு டெக்னிக்கல் வார்த்தை என்றார். காப்டன் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

உலை பாஸ். ஆர்டர் எங்களுக்கே.

என் ஆணி ஒடியவே இல்லை. அதற்குச் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை பெர்னார்ட். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

13 மார்ச்

பாமா முழுக் கதையையும் இரண்டு தடவை சொல்ல வைத்தாள். வொர்க்ஸ் இன்ஜினியர் பதவிக்கு மதராஸிலிருந்து ஒருவர் வருகிறாராம் என்றும் சொன்னேன். “வரட்டும்” என்றாள்.

22 மார்ச்

பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உலையில் தீ ஊதும் பர்னரின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருப்பதால், லிங்கராஜபுரத்துக் குடும்ப விஷயங்கள் எல்லாம் சம்மட்டிக்காரர்களுக்கு மனப்பாடம். அவர்களும் நடுநடுவே யோசனை சொல்கிறார்கள். ஐந்து வருஷத்துப் பாக்கி இருக்கிறதல்லவா.

மதராஸ்காரர் வந்து பார்த்தார். தொழிலாளர்கள் இவ்வளவு பேசலாமா என்று கேட்டார். இந்த உலை அப்படித்தான் ஓடும் என்றேன்.

5 ஏப்ரல், திங்கள்

காலையில் டானரி ரோடு திருப்பத்தில் எனக்கு முன்னால் இரண்டு சைக்கிள்கள், அருகருகே, ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு போயின. கிளாரன்ஸும் பெர்னார்டும். பின்னால் ஒரு பட்டாள லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. நான் லாரிக்கு இந்தப் பக்கமாக ஒதுங்கிக் காது கொடுத்தேன். சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை மரம் இருக்கிறதாம். அதை வெட்டலாமா கூடாதா என்று. ஒருவன் ஹாண்டிலை விட்டுவிட்டுக் கையை ஆட்டினான். மற்றவன் “அதான் சொல்றேன் மாப்பிள்ளை, நீ கேளு முதல்ல” என்றான்.

தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது. அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஓரமாக முந்திக்கொண்டு போயிருக்கலாம்; சைக்கிள் போக இடம் இருந்தது.

மூன்று பேரும் தாமதம்.